கம்பி பிடுங்கிய தொண்ணூற்றாறு படிகள்

மனித குலம் கண்ட மாபெரும் சாதனைகளில், ஹாங்காங்கில் எங்கள் மலைப்படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடுங்கி எறிந்ததற்கே முதலிடம் என்று அடித்துச் சொல்வேன். படித்தவர்கள் ஏழு பேர் கூடிச் செய்த காரியம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். குறை சொல்ல எனக்கு ஏது தகுதி?

ஐம்பது வருடத்துக்கு முன் அந்தத் தொண்ணூற்றாறு படிகளில் ஒரு குங்ஃபூ படம் எடுத்தார்கள். கதாநாயகன் உதைத்து உருண்டு விழுந்த அடியாட்களில் நானும் ஒருவன். அந்த இடத்தைப் பார்க்க இப்போது எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். உடனே 'திரைத்தல மரபு அலுவலகம்' என்று ஒன்று பிறந்தது. அதன் தலைவர் திரு. ஃபங் படத்தை முப்பது தடவை பார்த்து 'ஆராய்ந்து', அதில் கைப்பிடிக் கம்பியே இல்லை என்று கண்டுபிடித்தார். மறுநாளே கம்பி போயிற்று.

உச்சிப் படியை ஒட்டிய வீட்டில் கூன் அக்கா இருக்கிறார். எண்பத்தொரு வயது. செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்கு இறங்கியே ஆக வேண்டும். அந்தக் கம்பிதான் அவருக்குக் கால்.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன்.

"சியூ பெரியப்பா, படத்துல கம்பி இல்லையே," என்றார் ஃபங்.

"படம் எடுக்கத்தான்யா கழட்டினாங்க. சாயங்காலமே திரும்ப மாட்டிட்டுப் போனாங்க. ஒரு முனையை நான்தான் பிடிச்சேன்."

"மாட்டினது படத்துல வருதா?"

"அது எப்படி வரும்?"

"அப்போ ஆதாரம் இல்லை."

"படத்துல அவனவன் கூரைக்குக் கூரை பறந்தான். கூன் அக்காவையும் பறக்க விடுவீங்களா?"

ஃபங் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்: 'பறத்தல்: இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்.'

அக்கா உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கத் தொடங்கினார். வந்தவர்கள் கைதட்டிப் படம் பிடித்தார்கள்.

"அபாரம் பாட்டி! இது எந்தப் பாணிச் சண்டை?" என்றான் ஒருவன்.

"குண்டி தேயுற பாணிடா. வா, உனக்கும் கத்துத் தரேன்!"

அடுத்த வாரமே அலுவலகம் துண்டுப் பிரசுரம் போட்டது: 'செவ்வாய், வெள்ளி காலை எட்டு மணி. பாரம்பரிய நேரடி நிகழ்ச்சி.'

மூன்றாம் வெள்ளி மழை. அக்கா பன்னிரண்டு படி உருண்டார். இடுப்பெலும்பு முறிந்தது. ஏழு பேரும் அவசரக் கூட்டம் போட்டு, அவர் விழுந்த படி படத்தில் வரும் படிதானா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். கூட்டத்துக்குப் போயிருந்த நான் எழுந்து நின்று கம்பியைத் திரும்பக் கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தரும் அசையவில்லை.

எங்கள் சினிமாத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவனுக்கு, பீடை ஒட்டாமலிருக்க, கொஞ்சம் காசு வைத்த சிவப்பு உறையை அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும். இவர்களைத் தெரிந்தவன் ஆதலால், வரும்போதே ஏழு உறை வாங்கி வந்திருந்தேன். இரண்டு கையாலும் பணிவாக ஒவ்வொருவருக்கும் நீட்டினேன்.

"என்ன பெரியப்பா, சிவப்பு உறை குடுக்கிற புத்தாண்டுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே?" என்று சிரித்தார் ஃபங்.

"வாங்கிக்கங்க தம்பி. நானும் நாப்பது படத்துல செத்திருக்கேன். கண்ணைத் தொறந்துக்கிட்டு, நாற்காலில உக்காந்தபடியே, இவ்வளவு நல்லாச் செத்தவங்களை நான் பார்த்ததே இல்லை."