இசக்கியப்பன் மீசைக்கு நாள் குறித்தாயிற்று

ஏரல்
எழுதத் தொடங்கியது திங்கட்கிழமை. முடித்தது அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை.

வள்ளியூரில் முறுக்கிய மீசையோடு நலமாக இருக்கும் மைத்துனர் இசக்கியப்பனுக்கு, மீசை இல்லாமல் அதைவிட நலமாக இருக்கும் அத்தான் கொம்பையா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா பேச்சித்தாயும் சுகம். ஆடு இரண்டும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் மீசை சுகமா? அதை ஒரு தடவை நன்றாகத் தடவிக்கொள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்லலாம் என்று நினைத்தேன், என்னால் அதுவரை பொறுக்க முடியாது. ஆறாவது ஊசியும் முடிந்துவிட்டது மாப்பிள்ளை! கழுத்துக் கட்டி இருந்த இடத்தை நானே தடவித் தேடுகிறேன், அகப்படவில்லை.

நீ மறந்திருப்பாய், அல்லது மறந்த மாதிரி இருப்பாய், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். முதல் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் தம்பி கிங்ஸ்டன் ஒரு காகிதத்தை நீட்டினார், நான் கட்டை விரலை நீட்டினேன், அவர் மைப்பெட்டி தேடிப் போனார். அதற்குள் நீ வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி என்ன சொன்னாய்? "அத்தான், ஊசியப் பத்தி எனக்குக் கவலையே இல்ல வே. ஆனா இந்தக் கைநாட்டு ஒம்ம விட்டுப் போவாது. ஆறையும் முடிச்சு, ஒம்ம கையால எனக்கு ஒரு கடுதாசியும் எழுதிட்டீருன்னா, செந்தூருக்குப் போயி என் மீசைய முருகனுக்குக் குடுத்துருதேன்" என்று சொன்னாய். முருகன் பேரைக் கேட்டதும் உன் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நிமிஷமே அது கேலிப் பேச்சாக இருந்தது போய் நேர்த்திக்கடன் ஆகிவிட்டது. அது உனக்கு அன்றைக்குப் புரியவில்லை, மீசையை முறுக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாய்.

இரண்டாவது ஊசியில் என் தலைமுடி போனது, மீசையும் போனது. எனக்குக் கோபம் வந்தது. அந்த வார்டில் ஆளுக்கொரு சாய்வு நாற்காலி, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய ஐந்து மணி நேரம் ஆகும். அதில் ஒன்று சிவப்பு மருந்து, கடையில் விற்கிற கலர் சோடா மாதிரியே இருக்கும், ஆனால் கை வழியாகக் குடிக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் மேலப்பாளையம் சபீதா டீச்சர். அவர்களுக்கும் அதே மருந்துதான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு வந்தவர்களுக்குப் பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை. "அண்ணாச்சி, எடது கையிலதான ஊசி? வலது கை சும்மாதான கெடக்கு? நோட்டப் பிடிங்க" என்று தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஊசிக்கு ஊசி வீட்டுப்பாடம். வாந்தி வந்தால்கூட மன்னிப்பு உண்டு, வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் கிடையாது. உன் அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பாதி நேரம் தூங்குவாள். படிப்பு என்றால் அவளுக்குத் தூக்கம் வருவது இயற்கைதானே.

இப்போது கடைசி நாளுக்கு வருகிறேன். அதற்கு முந்தின வாரமே முடிந்திருக்க வேண்டியது. ரத்தத்தில் வெள்ளை அணு குறைவு என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் வரச் சொன்னார்கள், அன்றைக்கும் குறைந்தால் மறுபடியும் தள்ளிப்போகும். ஒரு வாரம் உன் அக்கா எனக்கு ஆட்டுக்கால் சூப்பையும் முட்டையையும் மாற்றி மாற்றிக் கொடுத்ததில், படியில் ஏறும்போது நானே ஆடு மாதிரி ஏறினேன். வெள்ளிக்கிழமை காலையில் வார்டுக்குக் கொடுக்க ஒரு கதலி வாழைத்தாரை வெட்டித் தோளில் வைத்தேன். "ரத்தம் பாத்த பொறவு வாங்கிக் குடுப்போம். போன தடவ மாதிரி திருப்பி அனுப்பிட்டா இதையும் சொமந்துக்கிட்டா வரப் போறீய?" என்றாள் உன் அக்கா. "திருப்பி அனுப்பினா தார் மட்டும் அங்கன இருக்கும், நான் வருவேன்" என்று சொல்லிப் பஸ் ஏறினேன். வாய்தான் அப்படிச் சொன்னது. ஸ்ரீவைகுண்டம் தாண்டுகிற வரைக்கும் தாரில் இருந்த பழத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் மறித்தார். "தாரோட உள்ள போவக் கூடாது பெரியவரே. இது ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா?" என்றார். "அப்ப என்னதான் கொண்டு போவலாம்?" என்று கேட்டேன். "ஆளுக்கு ஒரு பை, அதுல கொஞ்சம் பழம், அவ்வளவுதான்" என்றார். ஆளுக்கு ஒன்று என்றால் ஆள் வேண்டும், அவ்வளவுதானே! எதிரே இளநீர்க்காரரிடம் அரிவாள் வாங்கித் தாரைப் பத்துச் சீப்பாக அறுத்தேன். உள்ளே போக வரிசையில் நின்றவர்களிடம் ஆளுக்கு ஒரு சீப்பாகக் கொடுத்து, புற்றுநோய் வார்டு, இரண்டாம் மாடி, கொம்பையா நாற்காலி என்று விலாசமும் சொன்னேன். காவல்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனால் அவர் சொன்ன சட்டப்படிதான் எல்லாம் நடந்தது. எட்டுச் சீப்பு வந்து சேர்ந்தது. ஒன்று கண் வார்டில் யாரோ ஒருவருடைய மாமியாருக்குப் போய்விட்டது. இன்னொன்று காவல்காரரின் மேஜையில் இருந்ததைத் திரும்பி வரும்போது பார்த்தேன்.

ரத்தம் எடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதும்போது உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை உன் அக்கா இருக்கும்போது சத்தமாகப் படிக்காதே. நாலாவது ஊசிக்குப் பிறகு என்னால் முடியவில்லை மாப்பிள்ளை. வாயெல்லாம் புண். சோறும் தண்ணீரும் ஆணியைச் சப்புகிற மாதிரி இருந்தன. உன் அக்கா மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவிடம், "போதும் தாயி, என்னை விட்டிருங்க, வீட்டுல கெடந்து செத்துப்போறேன்" என்று சொல்லி அழுதேன். அவர்கள் அதட்டவில்லை. "அடுத்த தேதிக்கு வாங்க, அன்னிக்கும் இதையே சொன்னா நிப்பாட்டிருவோம்" என்றார்கள். நான் வருவதாகவே இல்லை. வெளியே வந்தேன், சபீதா டீச்சர் நோட்டை நீட்டினார்கள். "அண்ணாச்சி, பேருல 'கொம்' மட்டும்தான் எழுதிருக்கீங்க. மிச்சத்த யாரு எழுதுவா? பாதிப் பேரோடயா வீட்டுல இருக்கப் போறீங்க?" என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயது ஆள் பாதிப் பேரோடு போனால் நன்றாகவா இருக்கும்? மிச்சப் பேரை வாங்கத்தான் ஐந்தாவது ஊசிக்குப் போனேன். இது உன் அக்காவுக்குத் தெரியாது. அவள் என்னைச் சிங்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும்.

பத்து இருபதுக்கு கிங்ஸ்டன் தம்பி காகிதத்தோடு ஓடி வந்தார். "தாத்தா, பாஸ்!" என்றார். உன் அக்கா உடனே கடிகாரத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். "தம்பி, பத்தரைக்கு முன்ன ஆரம்பிக்கணும், இல்லன்னா பன்னெண்டுக்கு மேலதான்" என்றாள். "ஆச்சி, எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. இவரு நரம்பு எங்கன இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார் அவர். ஐந்து ஊசி பார்த்த நரம்பு, சுலபத்தில் வருமா? தட்டினார், தேய்த்தார், வெந்நீர்த் துணி போட்டார். உன் அக்கா ஒவ்வொரு நிமிஷமாகச் சத்தம் போட்டுச் சொன்னாள். "இருவத்தாறு... இருவத்தேழு..." என்று அவள் சொல்லச் சொல்ல, கிங்ஸ்டன் தம்பிக்கு நெற்றியில் வேர்வை. மற்ற நாற்காலிக்காரர்களும் சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். இருபத்தெட்டில் நரம்பு அகப்பட்டது, உப்புத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. "தொடங்கியாச்சு ஆச்சி, இனிமே ராகு வந்தா வெளிய ஒக்காரச் சொல்லுங்க" என்றார். வார்டே சிரித்தது. அந்த வார்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை.

மூன்றே முக்காலுக்குக் கடைசிச் சொட்டு. அது விழாமல் கண்ணாடிக் குழாயில் தொங்கிக்கொண்டே நின்றது. எல்லாரும் கையில் கதலிப் பழத்தோடு அதையே பார்த்தோம். விழுந்தது. சபீதா டீச்சர்தான் முதலில் கை தட்டினார்கள், அவர்களுக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி. அப்புறம் வீட்டுக்கு அனுப்புகிற காகிதம் வந்தது, கூடவே பழக்கத்தில் மைப்பெட்டியும் வந்தது. அந்த மைப்பெட்டியை நான் ஒரு விரலால் தள்ளினேன் பார், அப்போது நீ இருந்திருக்க வேண்டும் மாப்பிள்ளை! பேனாவை வாங்கி, கொம்பையா என்று முழுப் பேரையும் எழுதினேன். நாலு நிமிஷம் ஆனது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அதற்குக் கீழே கூட வந்தவர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் உன் அக்கா கட்டை விரலை வைத்தாள். பாவமாக இருந்தது. கவலைப்படாதே, உடம்பு தேறியதும் நானே அவளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தரப் போகிறேன்.

இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டினால் போதும். ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை கழித்து மறு வெள்ளிக்கிழமை காலை திருச்செந்தூரில் உன்னை எதிர்பார்ப்பேன். ராகுகாலத்துக்கு முன்னால் வந்துவிடு. மீசையோடு வா, மீசை இல்லாமல் திரும்பு. எழுதியதை முதலில் இருந்து ஒரு தடவை பார்த்தேன். முதல் பக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் வரிசையாக நிற்கிறது. எனக்கே ஆச்சரியம்தான், கை அவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டது. கடிதத்தை ஒட்டுவதற்கும் தபாலில் போடுவதற்கும் உன் அக்காவிடம் கொடுக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதது இந்தக் காரியத்துக்கு வசதி.

உன் வீட்டில் எல்லாருக்கும் என் ஆசீர்வாதம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், மாமாவைவிடச் சீக்கிரமாகவே படிக்கட்டும்.

இப்படிக்கு,
முழுப் பேரோடு,
கொம்பையா

பின்குறிப்பு: தம்பி, இதை எழுதுவது அக்கா. ஆமாம்லே, நானேதான். ஸ்டூலில் நான் தூங்கவில்லை, கண்ணை மூடி எழுத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் இருந்து படித்ததால் நோட்டைத் தலைகீழாகப் பிடித்தால்தான் எனக்கு வேகமாக வரும். கடைசி நாள் அவர் ஒருவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் கட்டை விரலை நீட்டினேன். நாலாவது ஊசிக்குப் பிறகு அவர் அழுத அன்றைக்கு மாத்திரையோடு டாக்டரம்மா கதவுக்குப் பின்னால் நின்றேன், எல்லாம் கேட்டேன். அவர் வெளியே வருவதற்குள் ஓடிப்போய், பாதிப் பேரைச் சொல்லி ரோஷத்தைக் கிளப்பச் சொல்லி டீச்சரிடம் கெஞ்சியதும் நான்தான். மூன்றாம் பக்கத்தில் ஆட்டுக்கால் சூப்பைக் கொட்டிவிட்டேன். அவர் மத்தியானம் தூங்கும்போது அந்தப் பக்கத்தை மட்டும் வேறு தாளில் பார்த்து எழுதி வைத்தேன். "உன் அக்காவுக்குத் தெரியாது" என்பதையும் நானே எழுத வேண்டியதாயிற்று. ஆகவே கடிதம் முழுக்க அவர் கை இல்லை, பந்தயப்படி உன் மீசை தப்பியது. அதை அவரிடம் சொன்னாய் என்றால் உன்னைச் சும்மா விடமாட்டேன். எந்தக் கை எழுதியது என்று முருகன் கேட்க மாட்டான், நீயும் கேட்காதே. ஒழுங்காக வந்து மீசையை எடு.