தெர்மாகோலும் தண்ணீர் விமானமும்

எரிச்சலிலேயே ஒரு விமானம் செய்து, எரிச்சலிலேயே அதைப் பறக்கவும் விட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரும் நெமிலிச்சேரியில் என் அடுக்ககத்துக்கு எதிர்வீட்டில் வந்து வாய்த்தார் என்றால் என் ஜாதகத்தை என்னவென்று சொல்வது?

சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. ஊருக்கு அவர் தெர்மாகோல். தொழில், ஏசி ரிப்பேர். யார் வீட்டில் புது ஃபிரிட்ஜ் வந்திறங்கினாலும் பெட்டிக்குள் இருக்கும் தெர்மாகோலுக்காக வாசலில் வந்து நிற்பார். கொடுங்கள் என்று கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. "அத்த இன்னாத்துக்குய்யா ஒடச்ச?" என்று சண்டையில்தான் ஆரம்பிப்பார்.

அந்தத் தெர்மாகோலை அறுத்து, ஒட்டி, மோட்டார் வைத்து, ரிமோட்டில் பறக்கிற விமானம் செய்தார். அதற்குச் சக்கரம் கிடையாது. வயிறு படகு மாதிரி இருக்கும். தண்ணீரிலிருந்துதான் கிளம்பும், தண்ணீரில்தான் இறங்கும்.

"சக்கரம் வச்சிருக்கலாமேண்ணே?" என்றேன். நான் மதுரைக்காரன், வாய் சும்மா இருக்குமா?

"வெச்சி எங்க ஓட்றது? ரோட்டுல பள்ளம், மைதானத்துல ஃபிளாட்டு. மழ பேஞ்சா ஊரே ஏரி. இந்த ஊருக்குச் சக்கரம் ஒரு கேடா?"

முதல் விமானம் பறக்கவே இல்லை. அழகுக்காக அதன்மேல் ஸ்பிரே பெயின்ட் அடித்தார். பட்ட இடமெல்லாம் தெர்மாகோல் கரைந்து, இறக்கை எலி கடித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. தெர்மாகோல் மேல் அடிக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டினார். "இம்மாந்துண்டு எழுத்துல போட்டா எவன்யா படிப்பான்?" என்று கடைக்காரர் மேலேயே பாய்ந்தார்.

இரண்டாவது பறந்தது. பின்னாலிருக்கும் ஏரியில் ஒரு மூலையில் மட்டும் தானே இறங்கி ஆகாயத்தாமரையைப் பிடுங்கிப் போட்டு, அங்கிருந்து கிளப்புவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கண்ணயரும் நேரம் பார்த்து, தலைக்கு மேலே மிக்ஸி ஓடும். ஒருநாள் சத்தம் சட்டென்று நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விமானம் ஜம்மென்று மிதந்துகொண்டிருக்கிறது.

நான் அடுக்ககச் செயலாளர். கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். மூச்சிரைக்க ஏறி வந்த மனிதர் முந்திக்கொண்டார்.

"டேங்க்குக்கு மூடி எங்கய்யா? காக்கா குளிக்கிற தண்ணியத்தான் குடிச்சிகினு கீறீங்களா? த்தூ!"

தப்பு அவருடையது, திட்டு எனக்கு. மறுநாள் மூடி வாங்கிப் போட்டபோதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன்.

அந்தக் கோபத்தையெல்லாம் ஒரு ஐப்பசி மழை வேறு பக்கம் திருப்பிவிட்டது. எங்கள் தெருத் தண்ணீர் ஒரு சிமென்ட் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும். பக்கத்து மனையில் கட்டடம் எழுப்பியவர்கள் அந்தக் கால்வாய்க்குக் குறுக்கே இரண்டாள் உயரச் சுவரை வைத்துவிட்டார்கள். மழை கொட்டியது. தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் கார் நிறுத்துமிடம் குளமானது. தரைத்தள வீடுகளில் கட்டில் மேல் அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். தெர்மாகோல் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். விமானம் மட்டும் பரணில் பத்திரமாக இருந்தது.

மனு மேல் மனு போட்டு ஓர் அதிகாரியை வரவழைத்தோம். அந்த அம்மா எங்கள் மாடிப்படியில் நின்றபடியே விசாரித்தார். கட்டடக்காரர்களின் மேனேஜர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "ஏரி ரொம்பிடுச்சு மேடம். செவுத்துக்கு அந்தாண்டயும் இதே தண்ணிதான். ஒடச்சா எல்லாம் உள்ள வந்துடும்."

"பச்சைப் பொய் மேடம்! அந்தப் பக்கம் காலியாக் கிடக்கு, மாடியில ஏறிப் பாருங்க" என்று நான் கத்தினேன். லிஃப்ட் ஓடவில்லை. அதிகாரி தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, எனக்கு அடிதடி தெரியாமல் போனதே என்று இருந்தது.

அப்போது தெர்மாகோல் விமானத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார்.

"இன்னா சொன்ன? அந்தாண்ட தண்ணி கீதா? கீதுன்னா எம்பிளேன் நல்லபடியா எறங்கும். இல்லாங்காட்டி ஒடையும். பாத்துடலாமா?"

"அண்ணே, வேணாம்ணே!" என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் காதில் வாங்கவில்லை. பாதி முழுகிய கார்களுக்கு நடுவே விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி எழும்பியது. சுவரைத் தாண்டி மறைந்தது. அவர் கட்டைவிரல் ரிமோட்டில் மெல்லக் கீழிறங்கியது.

தொப்பென்று கேட்கவில்லை. சடக்கென்று கேட்டது.

"கேட்டுச்சா மேடம்?" ரிமோட்டை அணைத்தார். வருத்தத்தையும் கோபமாக்கிக்கொண்டார். "இப்ப பேசச் சொல்லுங்க இவன!"

அதிகாரி முழங்கால் வலியை மறந்து மாடி ஏறினார். பார்த்தார். அன்று சாயங்காலமே சுவர் உடைந்தது, இரவுக்குள் தண்ணீர் வடிந்தது. கண்ணெதிரே நிற்கிற ஒரு சுவரை உடைக்க, ஒரு மனிதன் தன் விமானத்தை உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் அந்தத் துண்டுகளை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு, யாரையும் திட்டாமல் வீட்டுக்குப் போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. "நல்லா ஓடுறத எதுக்குங்க மாத்துறீங்க?" என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பெட்டியைப் பிரிக்க வந்தவர்களிடம் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்:

"யோவ், பாத்துய்யா! தெர்மாகோல் உடையாம எடுங்க!"