செவ்வாய்க் கடிகாரம்

“ஹார்லன், பிற்பகல் மூணரை ஆவுது. இப்ப வந்து காலைச் சாப்பாடு கேக்குறியே, நியாயமா?”

“செவ்வாய்க் கிரகத்துல இப்பத்தான் பொழுது விடிஞ்சிருக்கு, லொரெட்டா.”

“அடுப்பு டூஸான்லதான இருக்கு?”

ஹார்லன் பிக்ஸ்பி நாற்காலியிலிருந்து எழுந்தார். முட்டையைத் தானே பொரிக்கலாம் என்று போனவர், குளிர்பெட்டியைத் திறந்ததும் நினைவு வந்து நின்றார். முட்டை, கோழி, பால் எல்லாவற்றையும் நேற்றே வெளியே எடுத்துப் போட்டவர் அவர்தான். உள்ளே மேலிருந்து கீழ்வரை கண்காட்சிக்கான ஐஸ்.

அவர் டூஸான் என்ற பாலைவன நகரத்தின் செவ்வாய் ஆர்வலர் சங்கத் தலைவர். செவ்வாயின் வட துருவத்தருகே இறங்கிய எந்திரம் ஒன்று தன் நீண்ட கையால் மண்ணைத் தோண்டிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. படங்கள் வந்த கணமே சங்கத்தார் அவற்றைப் பெரிதாக்கி, ஒட்டவைத்து, அவற்றில் தெரிவது என்ன என்று அடித்துக்கொள்வார்கள். செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட நாற்பது நிமிடம் நீளம். அதனால் அங்கே விடியும் நேரம் இங்கே தினமும் தள்ளிக்கொண்டே போகும். ‘தலைவராக இருப்பவர் சங்கத்தின் செவ்வாய்க் கடிகாரத்தைக் கையில் கட்டி, அதன்படியே உண்டு உறங்க வேண்டும்’ என்பது சங்க விதி. அந்த விதியை எழுதியவரும் ஹார்லன்தான்.

இப்போதைய சண்டை, எந்திரம் தோண்டிய குழியில் தெரிந்த வெள்ளையைப் பற்றியது. ஐஸ் என்றார் ஹார்லன். உப்பு என்றார் டார்லீன் மெக்கஃப், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. இன்று மாலை நூலகக் கூடத்தில் பொதுமக்களுக்குக் கண்காட்சி. அது முடிந்ததும் தலைவர் தேர்தல். நிற்பவர்கள் இவர்கள் இரண்டே பேர்.

“தோத்துட்டா என்ன ஆகும்?” என்று கேட்டார் ஹார்லனின் மனைவி லொரெட்டா.

“தோத்துட்டா இந்தக் கடிகாரத்தைக் கழட்டி டார்லீன் கையில கட்டணும். உப்புன்னு சொல்றவ கையில! அதுக்குப் பேசாம நான் சாகலாம்.”

லொரெட்டா கார் சாவியை எடுத்துக்கொண்டார். “வா, நான் ஓட்டுறேன். நீ தூங்கி வழியுற.”

கூடத்தின் நடுவே ஹார்லன் ஒரு பெரிய மரத்தொட்டியில் செம்மண் நிரப்பி, நடுவில் குழி வெட்டி, தகரத்தில் ஒரு எந்திரக் கையும் செய்து வைத்திருந்தார். குழியின் அடியில் ஐஸைப் பரப்பினார். வெளியே நூற்றெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். நூலகத்தின் குளிர்சாதனம் கிழட்டு நாய் போல மூச்சு வாங்கியது. கூட்டம் கூடுவதற்குள் குழி குட்டையாகிவிட்டது.

“செவ்வாயில மழை பெஞ்சிருக்கு போல!” என்றார் டார்லீன், கூடமே கேட்கும்படி. “சொல்லவே இல்லையே, ஹார்லன்?”

ஹார்லனுக்குக் காது சிவந்தது. மீதி ஐஸையும் கொட்டினார். அதுவும் உருகி, தொட்டியின் இடுக்கு வழியாக ஒழுகிக் கம்பளத்தில் இறங்கியது. நூலகப் பெண்மணி வாளியோடு ஓடி வந்தார்.

“யாருங்க இதுக்கு அனுமதி குடுத்தது?”

“விஞ்ஞானத்துக்கு அனுமதி எதுக்கும்மா?” என்று ஹார்லன் சீறினார்.

“கம்பளத்துக்கு வேணும்!”

சங்கச் செயலாளர் ரூபன் எஸ்கலன்டே அவரை ஓரமாக இழுத்துப்போனார். “கோவிச்சுக்காதீங்க, ஹார்லன். ஈர மண்ணை வாரிட்டுக் காஞ்ச மண்ணைப் போடுவோம். அடியில கல்லுப்பைத் தூவிடலாம். தூரத்துலேர்ந்து பார்த்தா ஐஸ் மாதிரியே இருக்கும்.”

“உப்பா? என் குழியிலயா?”

“வேற என்ன இருக்கு வெள்ளையா, உருகாம?”

ஹார்லன் முப்பது ஆண்டு காப்பீட்டுப் புலனாய்வாளராக இருந்தவர். பிறர் சொல்வது பொய் என்று நிரூபித்தே சம்பளம் வாங்கியவர். தன் கையாலேயே பொய்ச்சாட்சியை வைக்க நேர்ந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் வைத்தார்.

டார்லீன் நேராகத் தொட்டியருகே வந்தார். விரலைக் குழிக்குள் விட்டார். நாக்கில் வைத்தார்.

“உப்பு!” என்று கூவினார். “எல்லாரும் வாங்க, நக்கிப் பாருங்க! நம்ம தலைவரே ஒத்துக்கிட்டாரு!”

கூடம் குலுங்கிச் சிரித்தது. இரண்டு பேர் உண்மையிலேயே நக்கிப் பார்த்தார்கள்.

“இது அயோக்கியத்தனம்!” என்று ஹார்லன் கத்தினார். “கண்காட்சிப் பொருளைத் தொடக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கேன்!”

“தின்னக் கூடாதுன்னு போடலையே?”

ஹார்லன் ரூபனைப் பல்பொருள் அங்காடிக்கு விரட்டினார். “டிரை ஐஸ் வாங்கிட்டு வாங்க. மீனுக்கு வைப்பாங்களே, அது. உருகாது, ஒழுகாது, அப்படியே ஆவியாப் போயிரும். செவ்வாயில நிஜ ஐஸ் போற மாதிரியே! அட, முதல்லயே இதை யோசிக்காம விட்டுட்டேனே!”

ரூபன் வந்தார். ஹார்லன் தடித்த கையுறை மாட்டி, உப்பை வாரி எறிந்துவிட்டு, வெள்ளைக் கட்டிகளைக் குழியில் வைத்தார். மெல்லிய வெண்புகை தொட்டி விளிம்பைத் தாண்டித் தரையில் தவழ்ந்தது. குழந்தைகள் கத்தினார்கள். கட்டிகள் கண்ணெதிரே சிறுத்தன. குழியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“பார்த்துக்கிட்டீங்களா?” என்று ஹார்லன் முழங்கினார். “உப்பு இப்படி மாயமாப் போகுமா, டார்லீன்? பதில் சொல்லுங்க! நாளைக்கே எந்திரம் இன்னொரு படம் அனுப்பும். அதுல அந்த வெள்ளை காணாமப் போயிருந்தா, அது ஐஸா இல்லையா?”

ஒருவர் கை தட்டினார். பிறகு கூடமே தட்டியது. “பிக்ஸ்பி! பிக்ஸ்பி!” என்று பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தீ அபாயமணி அலறியது.

எல்லாரும் வெளியே விரட்டப்பட்டார்கள். வாகன நிறுத்தத்தில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு வேலமரம். அதன் கீழ் லொரெட்டா முன்பே இடம் பிடித்திருந்தார். மற்றவர்கள் கொதிக்கும் தாரில் கால் மாற்றி நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. கைதட்டிய அதே கைகள் இப்போது ஹார்லனை நோக்கி நீண்டன.

“குழந்தைங்க இருக்கிற எடத்துல புகை போடலாமா?”

“ஒவ்வொரு வருஷமும் இந்த மனுஷனால ஒரு அவமானம்!”

“இனிமே உங்க சங்கத்துக்குக் கூடம் கிடையாது” என்றார் நூலகப் பெண்மணி, இன்னும் வாளியோடு.

டார்லீன் தொண்டையைச் செருமினார். “தேர்தலை இங்கயே வச்சுக்குவோம். ஹார்லனுக்கு ஓட்டுப் போடுறவங்க கை தூக்குங்க.”

வியர்வையைத் துடைக்கக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை.

“நீங்க எனக்கு ஓட்டுப் போட வேணாம்!” என்று ஹார்லன் இரைந்தார். “நன்றி கெட்ட ஜனங்களா! நானே விலகுறேன். இந்தாங்க!” செவ்வாய்க் கடிகாரத்தைக் கழற்றி டார்லீன் கையில் திணித்தார். டார்லீன் அதை உடனே கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் ரூபன் தன் காரிலிருந்து ஓடி வந்தார். “ரேடியோல சொல்றாங்க! செவ்வாயில தோண்டின குழியில இருந்த வெள்ளைக் கட்டிங்க புதுப் படத்துல காணோமாம். ஆவியாயிருச்சாம். ஐஸ்தானாம்!”

“நான் சொல்லல?” ஹார்லன் துள்ளினார். “கடிகாரத்தைக் குடுங்க!”

“ஐஸ் விஷயத்துல நீங்க ஜெயிச்சீங்க, ஒத்துக்கிறேன்” என்றார் டார்லீன். “ஆனா ராஜினாமா ராஜினாமாதான். நகருங்க, செவ்வாயில எனக்கு இது காலைச் சாப்பாட்டு நேரம்.”

“இது சதி! அக்கிரமம்!” ஆதரவுக்கு ஆள் தேடி ஹார்லன் மரத்தடியைப் பார்த்தார். லொரெட்டா காரை எடுக்கப் போய்விட்டிருந்தார்.

தீயணைப்பு அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றியபடி அருகில் வந்தார். “நீங்கதான் பிக்ஸ்பியா, சார்? உங்க புகையில ஒரு தப்பும் இல்ல. மணி தானா அடிக்கல. யாரோ வாசல்ல இருக்கிற பிடியைப் பிடிச்சு இழுத்திருக்காங்க.”

“டார்லீன்!” என்று ஹார்லன் உறுமினார். “எனக்குத் தெரியும்! எழுதிக்குங்க, பேரு டார்லீன் மெக்கஃப்!”

“அவங்க இல்ல, சார், உங்க வீட்டம்மா. ஏம்மா இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். ‘நாளைக்காவது எங்க வீட்டுல பூமியில விடியட்டும்’னாங்க.”