கோல்கீப்பர் மாரெனும் நாற்பத்தொரு பக்கங்களும்

மாணவர்களின் குழுப்பணி நாளுக்கு நாள் சீரழிந்து வருவதை ஆழ்ந்த கவலையுடன் கவனித்த எங்கள் வட்டாரக் கல்விக் குழு, ஒன்பது கூட்டங்களும் இருபது பெட்டி டோனட்டும் முடிந்தபின் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. குழு விளையாட்டிலிருந்து மாணவர்கள் கற்க வேண்டியது ஏராளமாக உள்ளபடியால், இனி எல்லாக் குழுப்பணியும் ஐஸ் ஹாக்கி விதிகளின்படியே நடைபெற வேண்டும் என்பது அதன் சாரம்.

ஐஸ் ஹாக்கியை மதமாகக் கொண்டாடும் கனடாவின் சஸ்காச்சுவனில் இதை எதிர்த்துப் பேசிவிட்டு யாரும் ஊருக்குள் நடமாட முடியாது. நான் சமூக அறிவியல் வாத்தியார். எனக்குப் பனியில் சறுக்கவே வராது என்பதை இருபது வருடமாக மறைத்து வருகிறேன். ஆகவே எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினேன்.

என் வகுப்பில் ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு, ‘நம் ஊருக்கு ரயில் வருவது ஏன் நின்றது?’ என்பது தலைப்பு. கார்சன் கேப்டன். அன்றைக்கே கேப்டன்கள் அணியும் ‘C’ எழுத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு வந்துவிட்டான். “யாரு எழுதப் போறது?” என்று முதலில் கேட்டவள் மாரென். அப்படிக் கேட்ட குற்றத்துக்கு அவளைக் கோல்கீப்பர் ஆக்கினார்கள்.

மாரெனுக்கு மாட்டு வைத்தியம் படிக்க ஆசை. அதற்கு என் பாடத்தில் எண்பது மதிப்பெண் வேண்டும். எண்பதுக்கு ஒன்று குறைந்தாலும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பது விதி. கார்சன் மடிக்கணினி முன் உட்கார்ந்து ‘அந்தக் காலத்தில்’ என்று தட்டி முடிப்பதற்குள் மணி அடித்தது. அடுத்து வந்தவள் அதை அழித்தாள். அதற்கடுத்து வந்தவன் அழித்ததை மீட்டான். மூன்று வாரம் இப்படியே கடுமையாக உழைத்தார்கள். கோல்கீப்பருக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் மாரென் நாற்பத்தொரு பக்கம் எழுதினாள்.

பக்கத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் அந்தத் தாளைத் தொட்டுக் கொடுத்த இருவருக்கும் ஆளுக்கொன்று. ஹாக்கியிலும் அப்படித்தான். அந்தப் புள்ளிகள்தான் மதிப்பெண்.

“சார், எல்லாப் பக்கமும் நான் எழுதினது. என் புள்ளி சைபர்.”

“கோல்கீப்பர் கோல் போட மாட்டாங்களே, மாரென்.”

“அப்ப எண்பது எங்கிருந்து சார் வரும்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே புள்ளிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

குழுப்பணியை எல்லோர் முன்னும் விளக்கும் அரங்கேற்றம் வந்தது. அதற்கு முந்தின மாலை கார்சன் ஓடிவந்தான். “சார், அடுத்த குழு நாப்பத்திநாலு பக்கம். நாங்க மூணு பக்க வித்தியாசத்துல தோத்துட்டிருக்கோம். விதிப்படி கோல்கீப்பர வெளிய எடுத்துட்டு, இன்னொரு முன்கள ஆள இறக்கப் போறோம்.”

விதி ஒன்பது. கடைசி நேரத்தில் பின்தங்கிய அணி அப்படித்தான் செய்யும். மாரெனுக்குப் பதில் குழுவின் ஆறாவது ஆளான ஜோடி என்ற பையனை இறக்கினார்கள். அவன் மூன்று வாரமாகக் காய்ச்சலில் வீட்டில் கிடந்தவன்.

மறுநாள் வட்டாரக் கல்வி இயக்குநர் கோஸ்டியுக் நேரில் வந்தார். மாரென் ஓரத்துப் பெஞ்சில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சரி, ரயில் ஏன் நின்னுச்சு?” என்றார் இயக்குநர்.

கார்சன் ஆட்டம் முடிந்து பேட்டி கொடுக்கும் வீரனைப் போலத் தொண்டையைக் கனைத்தான். “நாங்க நூத்துக்கு நூத்திப்பத்து குடுத்தோம் சார். எதிரணியும் நல்லா ஆடினாங்க. ஒவ்வொரு ஆட்டமாத்தான் பாக்கணும்.”

“அது சரிப்பா. ரயில்?”

“ரயிலா?” என்றான் ஜோடி. “நாம ஓநாயப் பத்தி இல்ல பண்றோம்?”

இயக்குநர் வருத்தத்துடன் ஆறு பேருக்கும் பூஜ்யம் என்று அறிவித்தார். மாரெனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து அவருடைய செயலாளர் திருமதி ஃபோக்ட் எழுந்தார்.

“கோல்கீப்பர வெளிய எடுத்தப்புறம் காலிக் கோல்ல விழுந்தது அவங்க தலையில சேராதுங்க ஐயா. விதி பன்னெண்டு. அவங்க நின்ன வரைக்கும் நாப்பத்தொரு பக்கமும் தடுத்தாச்சு. அப்ப நூத்துக்கு நூறு.”

“அப்படி ஒரு விதியா? யாரு எழுதினது?”

“நான்தான். உங்க குழு ஒன்பது பேரும் டோனட் சாப்பிட்டப்ப சுற்றறிக்கை முழுசும் எழுதினது நான்தானே ஐயா.”

இயக்குநர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, அந்த விதியைத் தாமே முன்மொழிந்ததாக நினைவு வருகிறது என்றார். எல்லோரும் வரிசையில் நின்று கைகுலுக்கினார்கள். கார்சன் நிஜமான அன்போடு, “நல்லா ஆடினடி, மாரென்” என்றான்.

திட்டத்தின் மகத்தான வெற்றி குறித்து விரிவான அறிக்கை அனுப்பும்படி மறுவாரமே ஆணை வந்தது. ஆசிரியர்கள் ஆறு பேர் குழு அமைத்தோம். நான் கேப்டன். யார் கோல்கீப்பர் என்றதும் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அறிக்கை மிகச் சிறப்பாக வந்திருக்கிறது என்று வட்டாரமே பாராட்டுகிறது. நடையும் தெளிவு, தகவலும் துல்லியம். மாட்டு வைத்தியக் கல்லூரிக்கு நான் ஒரு பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்னதும், மாரென் அறிக்கையை இரண்டே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன்.

பரிந்துரைக் கடிதத்தையும் அவளையே எழுதி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.