நேரத்துக்கு முன்பே வந்தவர்

பறவையைப் பார்த்து மனிதன் பறக்கக் கற்றது பெரிய காரியமே அல்ல. தாமதமாகப் பறந்தும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேரக் கற்றானே, அதுதான் மகத்தான சாதனை! அதைச் சாதித்தவர் ஒரு விமானக் கம்பெனியின் கால அட்டவணை மேலாளர்.

அவர் பதவிக்கு வருமுன், தலைநகரிலிருந்து துறைமுக நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் விமானம் தவறாமல் தாமதம். பயணிகள் திட்டினார்கள். முதலாளி மேஜையைக் குத்தினார்.

"தூரத்தைக் குறைக்க வழி உண்டாய்யா?"

"தூரம் ஆண்டவன் போட்டது சார், அதுல கை வைக்க முடியாது. நேரம் நாம போடறதுதானே?" என்றார் புதிதாக வந்த மேலாளர்.

மறுநாளே அட்டவணையில் ஒரு மணி நேரப் பயணம் நாலு மணி நேரமாயிற்று. அன்றுமுதல் எல்லா விமானமும் 'முன்கூட்டியே' தரையிறங்கியது. பயணிகள் கை தட்டினார்கள். மேலாளருக்குக் கேடயமும் 'காலத்தை வென்றவர்' என்ற பட்டமும் கிடைத்தன.

வீட்டில்தான் மதிப்பில்லை. மகளுக்குத் துறைமுக நகரில் மூன்று மணிக்குப் பதிவுத் திருமணம். மனைவி முந்தின நாளே ரயிலுக்குப் புறப்பட்டாள்.

"நீங்களும் வந்துடுங்களேன். அவ பள்ளிக்கூட விழாவுக்கும் லேட், பட்டம் வாங்கினப்பவும் லேட். இப்ப சாட்சிக் கையெழுத்து அப்பாதான் போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா."

"நான் ரயில்ல போனா ஆபீஸ்ல சிரிப்பாங்க. பன்னிரண்டு மணி விமானத்துல வரேன்."

"நாலு மணி நேரம்னு போட்டிருக்கே?"

"அடி அசடே, அது ஊருக்கு! நிஜத்துல ஒரு மணி நேரம்தான். போட்டவனுக்குத் தெரியாதா?"

அவர் சொன்ன பொய்யை ஊர் நம்பியிருந்தது. ஊழியர்களோ பயபக்தியோடு நம்பியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர் பெல்ட் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். விமானி இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

"எப்பம்மா கிளம்பும்?"

"என்ன சார் அவசரம்?" என்றாள் பணிப்பெண். "நாலு மணி நேரம் இருக்கே. யாரோ ஒரு புண்ணியவான் போட்டுக் கொடுத்திருக்காரு. பதட்டமே இல்லாம வேலை பாக்கறோம்."

புண்ணியவானுக்கு வியர்த்தது.

ஒன்றரைக்குக் கிளம்பிய விமானம் இரண்டரைக்குத் தரையைத் தொட்டது. பதிவாளர் ஆபீஸ் கூப்பிடு தூரம். மேலாளர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவருகே பாய்ந்தார். கதவு திறக்கவில்லை.

"ஏணி வரல சார். நாலு மணிக்கு வரவேண்டிய விமானத்துக்கு நாலு மணிக்குத்தான் ஏணி."

"நான் குதிச்சிடறேன்மா!"

"உக்காருங்க சார். அட்டவணைப்படி நீங்க இன்னும் வந்து சேரவே இல்லை."

ஒலிபெருக்கி கனைத்தது. "உங்களை ஒன்றரை மணி நேரம் முன்கூட்டியே கொண்டுவந்து சேர்த்ததில் பெருமை கொள்கிறோம்!" விமானமே கை தட்டியது. பழக்கதோஷத்தில் மேலாளரும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார்.

பதிவாளரின் கடிகாரத்துக்கு அட்டவணை மேலாளர் யாரும் கிடையாது. மூன்றடித்ததும் அவர் ஜோடியைக் கூப்பிட்டுவிட்டார். நாலு மணிக்கு ஏணி வந்து மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தபோது, எல்லாம் முடிந்து மகள் மாப்பிள்ளையோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்காக விட்டிருந்த இடத்தில் வாடகைக் கார் டிரைவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அம்மாடி, நான் லேட் இல்லம்மா! விமானம் முன்கூட்டியே வந்துடுச்சு. அந்த ஏணிதான்..."

"யாருப்பா உங்களை லேட்னு சொன்னது?" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கல்யாணம் நாளைக்குன்னு அட்டவணையில மாத்திப் போட்டுக்குங்க. ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்க. அம்மா, அப்பாவுக்குக் கை தட்டு!"