குண்டனிக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம்

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணியைக்கூட எல்லை தாண்ட விடாத நாடுகள் உலகத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்று திண்ணனூர் நாடு. மற்றது குண்டனி நாடு. பெரிய வல்லரசுகள் எல்லாம் விமானத்தை நிறுத்திவிட்டுக் கப்பலில் கோட்டை விட்டன. இந்த இரண்டு நாடுகளிலும் விமான நிலையம் கிடையாது, துறைமுகம் கிடையாது. ஒரு மூங்கில் கழி இருந்தது. அதை வைத்தே சாதித்தார்கள். சாதனைக்கு மூலகர்த்தா, பயணக் கண்காணிப்புத் தனிப்பிரிவின் மலைக்கிளை அலுவலர் திரு. அர்த்தநாரி.

அவர் திருச்செங்கோட்டுக்காரர். இரண்டாம் அலை தொடங்கியபோது கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தார். வந்ததும் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'மறு உத்தரவு வரும்வரை வெளிநாட்டுப் பயணங்கள் தடை செய்யப்படுகின்றன.' மலையில் பாஸ்போர்ட் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாதாரண அலுவலர் என்றால் சுற்றறிக்கையைக் கோப்பில் போட்டுக் கட்டியிருப்பார். அர்த்தநாரி அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஊர் ஊராக ஒட்டச் சொன்னார்.

கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திண்ணனூர் ஒரு நாடு. மேடு ஏறி இறங்கினால் குண்டனி இன்னொரு நாடு. பெண் கொடுப்பது, எடுப்பது, வாழைக்கன்று வாங்குவது, வம்பு வளர்ப்பது எல்லாம் நாடு விட்டு நாடுதான். நோட்டீசைப் படித்த மலைக்காரர்கள், அடுத்த நாட்டுக்குப் போகக் கூடாது என்று கவர்மெண்டு சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். காய்ச்சல் காலத்தில் நியாயமான பேச்சுதான் என்றும் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லையில் குறுக்கே மூங்கில் விழுந்துவிட்டது.

இந்தப் 'பொதுமக்கள் ஒத்துழைப்பு' அலுவலருக்குத் தெரியவந்தது ராசப்பனால்.

ராசப்பன் திண்ணனூர் நாட்டில் மரவள்ளியும் மிளகும் போடுகிறவன். அவன் மனைவி தேன்மொழி தலைப்பிரசவத்துக்காகக் குண்டனி நாட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே போய்விட்டாள். பிள்ளை பிறக்கும்போது வாசலிலாவது நிற்க வேண்டும் என்பது ராசப்பனின் ஆசை. அவனுக்கு வேறு ஆசைகள் இருந்ததாகத் தகவல் இல்லை.

"ஏனுங்க சார், வெளிநாடு போகோணுமுங்க."

அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மலையில் இப்படிக் கேட்ட முதல் மனிதன் இவன்.

"எந்த நாடு? சிங்கப்பூரா, துபாயா?"

"குண்டனி நாடுங்க."

அர்த்தநாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அது வெளிநாடு இல்லப்பா. நடந்தே போலாம்."

"நடந்துதானுங்க போனேன். மூங்கில்கிட்ட எங்க மாமனாரு காவலுங்க. ஆபீஸ் சீட்டு இல்லாம கழியத் தூக்க மாட்டேங்குறாரு. நீங்க போட்ட ஆர்டராமுங்க."

"நான் எப்பப்பா..." என்று தொடங்கிய அர்த்தநாரியை, எதிர் மேசையில் இருந்த எழுத்தர் கிருஷ்ணகுமாரி மெல்ல இருமித் தடுத்தாள்.

"சார், மாத அறிக்கை இன்னைக்கு அனுப்போணும். 'தடுக்கப்பட்ட வெளிநாட்டுப் பயணங்கள்'னு ஒரு கட்டம் இருக்கு. எல்லாக் கிளையும் 'இல்லை'ன்னுதான் போட்டிருக்காங்க."

அர்த்தநாரி ராசப்பனைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாக, "மூங்கில்கிட்ட இதுவரைக்கும் எத்தன பேரத் திருப்பி அனுப்பியிருப்பாங்க?" என்று கேட்டார்.

"சந்தை நாளுன்னா கணக்கே இல்லீங்க சார்."

அர்த்தநாரி மூக்குக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். உத்தரவு போடுவது மேலிடம். அதற்குப் பொருள் கொள்வது மக்கள். நடுவில் புகுந்து திருத்த ஓர் அலுவலருக்கு என்ன அதிகாரம்? அவர் மக்களாட்சியில் நம்பிக்கை உள்ளவர்.

"மறு உத்தரவு வரட்டும்," என்றார்.

அறிக்கை போயிற்று. மாநிலத்திலேயே அதிக வெளிநாட்டுப் பயணங்களைத் தடுத்த கிளை என்று பாராட்டு வந்தது. அர்த்தநாரி அதற்குச் சட்டம் போட்டு மாட்டினார். சட்டம் என்றால் மரச்சட்டம். மற்ற சட்டம் ஏற்கெனவே மூங்கிலில் இருந்தது.

மறு உத்தரவும் வந்தது. 'வெளிநாட்டு விடுமுறைப் பயணங்களைப் பாதுகாப்பாக முன்பதிவு செய்தல்: வழிகாட்டு நெறிமுறைகள்.' தடுத்ததில் முதலிடம் பிடித்தவர், அனுப்புவதிலும் முதலிடம் பிடிக்க எண்ணியது இயற்கை. ஒரு திங்கட்கிழமை காலை ராசப்பனுக்கு ஆள் அனுப்பினார். சனி ஞாயிறு சொந்த ஊரில் ஒரு கல்யாணத்தில் பந்தி விசாரித்துவிட்டு அப்போதுதான் ஆபீஸ் ஜீப்பில் மலையேறி வந்திருந்தார். வாரம் தவறாமல் போய் வருவார். அது உள்நாட்டுப் பயணம். எந்தச் சுற்றறிக்கையிலும் வரவில்லை.

"பயண நோக்கம்?" என்றார்.

"பொண்டாட்டியப் பாக்கோணுங்க. நாள் நெருங்கிருச்சு."

"அது குடும்பக் காரியம். இது விடுமுறைக்கு மட்டும். உல்லாசம்னு இருந்தாத்தான் அனுமதி."

ராசப்பன் யோசித்தான். "பொண்டாட்டியப் பாத்தா உல்லாசந்தானுங்களே."

"சொந்தப் பொண்டாட்டி அதுல வராது," என்றார் அர்த்தநாரி, அனுபவத்தோடு.

"இயற்கைக் காட்சின்னு போட்டுக்கலாம் சார்," என்றாள் கிருஷ்ணகுமாரி.

"தங்குமிடம்?"

"மாமியா ஊடுங்க."

"எத்தன நட்சத்திரம்?"

"மேல ரெண்டு ஓடு ஒடஞ்சிருக்குதுங்க. மேகம் இல்லீன்னா நெறையத் தெரியும்."

கிருஷ்ணகுமாரி 'பல நட்சத்திரம்' என்று எழுதிக்கொண்டாள்.

"பயணக் காப்பீடு?"

"எட்டுக்கை அம்மன் இருக்குதுங்க."

"திருச்செங்கோட்டுல கிளை இருக்கா?"

"தெரியலீங்க சார்."

எல்லாவற்றையும் அர்த்தநாரி பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். பாக்கி ஒன்றுதான், நோய் இல்லை என்ற சோதனைச் சான்று. சோதனை எடுத்ததிலிருந்து மூன்று நாள் வரைதான் அது செல்லும். துணை சுகாதார நிலையத்து நர்சு ஜாஸ்மின் ராசப்பனின் மூக்கில் குச்சி விட்டு எடுத்தாள். அந்தக் குச்சி எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சமவெளிக்குப் போய், வரிசையில் நின்று, முடிவாகத் திரும்பி வந்தபோது நான்காம் நாள். சான்றிதழில் நோய் இல்லை. சான்றிதழுக்கு உயிரும் இல்லை.

"மறுபடி எடுத்துட்டு வா," என்றார் அர்த்தநாரி.

மறுபடி எடுத்தான். மறுபடியும் நான்காம் நாள்.

"சார், இவரு அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் போகணும். அவ்வளவுதானே?" என்று ஜாஸ்மின் நேரிலேயே வந்து கேட்டாள்.

"மேடு இல்ல, சிஸ்டர். எல்லை," என்றார் அர்த்தநாரி. "நாளைக்குப் பன்னாட்டு அளவுல ஒரு கேள்வி வந்தா யாரு பதில் சொல்றது?"

ஜாஸ்மின் சுவரில் இருந்த பாராட்டைப் பார்த்தாள். படியிறங்கிப் போனாள்.

இதற்கிடையில் பிள்ளை பிறந்துவிட்டது. சேதியை மூங்கிலின் அந்தப் பக்கம் நின்று மாமனார் பூபதி சொன்னார்.

"பொட்டப்புள்ளைங்க மாப்பிள்ளை. ரெண்டு பேரும் சொகம். மூக்கு அப்படியே உங்களாட்டம்."

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிர்றனே மாமா."

"எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா? மூங்கில் போட்டதே நானு. நானே தூக்குனா நாளைக்கு எவன் நம்ம பேச்சக் கேப்பான்?"

பூபதி ஆறடி தள்ளி நின்று, கையை நீட்டி, செல்போனில் படம் காட்டினார். ஆறடியில் ராசப்பனுக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் துண்டு. துண்டு நன்றாக இருந்தது. நெடுநேரம் பார்த்தான்.

அப்போது பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. பூபதி செல்போனை மடியில் செருகிவிட்டு மூங்கிலைத் தூக்கினார். கார் போயிற்று. பின்னாலேயே ஒரு வேன். உள்ளே பாட்டு. மூங்கில் இறங்கியது.

"இவங்களுக்குச் சீட்டு வேண்டாமுங்களா மாமா?"

"இவங்க எந்த நாட்டுக்காரங்களும் இல்லீங்களே மாப்பிள்ளை. டவுன்காரங்க."

ராசப்பன் இந்தச் சந்தேகத்தோடு மறுபடியும் அலுவலகத்துக்கு நடந்தான். அங்கே அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் அர்த்தநாரியின் மேசைமேல் கைவைத்து நின்றிருந்தார். முகக்கவசத்தை முழங்கையில் மாட்டியிருந்தார். முழங்கைக்குத் தொற்று வர வாய்ப்பே இல்லை.

"பெங்களூருல இருந்து வர்றோம் சார். குண்டனி பக்கம் ரூம் புக் பண்ணிருக்கோம். ஃபாரின் போக முடியல, அதான் இங்க. எப்படிப் போகணும்?"

அர்த்தநாரி எழுந்து வாசல்வரை வந்தார். "மொதல்ல வாசலூர்பட்டி ஏரியில படகு ஓட்டிட்டு வந்துருங்க. அப்புறம் நேரா இந்த ரோடுதான். மூங்கில் ஒண்ணு வரும். ஹாரன் அடிச்சாத் தூக்குவாங்க."

கார் கிளம்பியதும் ராசப்பன் கேட்டான். "சார், அவங்களும் குண்டனிக்குத்தானுங்க போறாங்க."

"அவங்க பெங்களூரு. பேருலயே ஊருன்னு இருக்குது பாரு. அது ஊரு. உன்னுது நாடு. ஊருல இருந்து நாட்டுக்குப் போனா சுற்றுலா. நாட்டுல இருந்து நாட்டுக்குப் போனா வெளிநாட்டுப் பயணம்."

"அந்த மாதிரி வண்டியில என்னைய ஒரு ஓரமா ஏத்தி உட்டுட்டா?"

"நீ ஏறுன நிமிசத்துல அது வெளிநாட்டு வண்டி ஆயிரும், சாமி. ஊர் சுத்த வந்த பாவத்துக்கு அவங்களும் மூங்கில்கிட்ட நிக்கோணுமா?"

இதைச் சொல்லும்போது அர்த்தநாரிக்கு இருமல் வந்தது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். இருமுவதற்குத் தோதாக முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். பிறகு ராசப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கை போட்டு, நெறிமுறைகளை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாக வாசித்துக் காட்டினார். மக்களோடு இவ்வளவு நெருக்கமாகப் பழகும் அலுவலர்கள் இந்தக் காலத்தில் அபூர்வம். கடைசியில், சோதனை முடிவைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லி ஆய்வகத்துக்குத் தானே போன் போடுவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

அடுத்த வாரம் புதுக் குச்சிகள் வந்ததும் ராசப்பன் மூன்றாம் முறையாக மூக்கைக் கொடுத்தான். வாக்கு வீண் போகவில்லை. முடிவு மறுநாளே வந்துவிட்டது. ராசப்பனுக்குத் தொற்று.

திண்ணனூர் நாட்டில் அதுதான் முதல் தொற்று. அவனைப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் தனியாக வைத்தார்கள். குண்டனியில் சேதி தெரிந்ததும் பூபதி மூங்கிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மூங்கில் போட்டார். எவ்வளவு தொலைநோக்கான ஏற்பாடு பாருங்கள் என்று இரண்டு நாட்டு மக்களும் அர்த்தநாரியைப் புகழ்ந்தார்கள். பூபதியின் ஆறடிக் கை நீட்டல்கூட வீணாகவில்லை. தேன்மொழிக்கும் குழந்தைக்கும் ஒன்றும் இல்லை.

ஜாஸ்மின் வகுப்பறை வாசலில் நின்று, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"பதினாலு நாளுக்குள்ள வெளிநாடு எங்கயாச்சும் போனீங்களா?"

"எங்கீங்க நர்சம்மா உட்டாங்க?"

"வேற எங்க போனீங்க?"

"அந்தச் சீட்டு வாங்கறதுக்கு ஆபீசுக்குப் போனதுதானுங்க." ராசப்பன் கொஞ்சம் மூச்சு வாங்கினான். "சாருக்கு இப்ப இருமல் தேவலீங்களா?"

சாருக்குத் தேவலை. அவர் சமவெளியில், சொந்த வீட்டில், மருத்துவ விடுப்பில் படுத்தபடியே அந்த மாதத்து அறிக்கையைச் சொல்லச் சொல்ல, போனில் கிருஷ்ணகுமாரி எழுதிக்கொண்டாள். 'வெளிநாட்டுப் பயணத்தால் ஏற்பட்ட தொற்று: இல்லை.' ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லாத அறிக்கை அது. கொல்லிமலைக்கு நோய் எந்த வெளிநாட்டிலிருந்தும் வரவில்லை. வாராவாரம் திங்கட்கிழமை, அரசாங்க ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தது.