பில்லிங்ஸ் வரை நிற்கவே மாட்டேன்!

"பில்லிங்ஸ் போய்ச் சேரும்வரை ஸ்டியரிங்கை யாருக்கும் தரமாட்டேன்!"

ஃபார்கோவில் காரைக் கிளப்பும்போதே சபதம் போட்டேன். எங்கள் வீட்டு ஆண்கள் அப்படித்தான். வழியில் நிற்க மாட்டோம், பெண்டாட்டியிடம் காரைக் கொடுக்க மாட்டோம். என் தம்பி க்ளைடும் அப்படித்தான். போன வாரம் ஓட்டிக்கொண்டே தூங்கி, பாலத்தில் மோதிச் செத்தான். அவனை அடக்கம் செய்யத்தான் அறுநூறு மைல் தள்ளியிருந்த பில்லிங்ஸ் ஊருக்குக் கிளம்பியிருந்தோம்.

"ராத்திரியெல்லாம் அழுதுட்டுத் தூங்கவே இல்லை நீங்க. நான் ஓட்டறேன்," என்றாள் என் மனைவி மேவிஸ்.

"நீ ஓட்டினா அடக்கத்துக்குப் போய்ச் சேர மாட்டோம். முதல் வருஷ நினைவு நாளுக்குத்தான் போவோம்."

பிஸ்மார்க் ஊரைத் தாண்டியதும் கார் பாதை விலகி, சாலையோர எச்சரிக்கைப் பள்ளங்கள் டயருக்கடியில் தடதடத்தன. மேவிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். ஒரு லாரி ஹாரனை அலறவிட்டு, உரசினாற்போலப் போனது.

"தூங்கிட்டீங்க!"

"கண்ணைச் சிமிட்டினேன்டி."

"ஒரு மைல் தூரத்துக்கா?"

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"பின் டயர்ல காத்து கம்மி போலிருக்கே. நீங்க பார்த்தாத்தான் தெரியும்."

பசி என்றால் நிறுத்த மாட்டேன், தாகம் என்றாலும் மாட்டேன். டயர் என்றால் விட முடியுமா? அடுத்த பெட்ரோல் பங்கில் இறங்கி, நாலு டயரையும் எட்டி உதைத்து, குனிந்து தட்டிப் பார்த்து நிமிர்ந்தால், என் சீட்டில் மேவிஸ்! கதவெல்லாம் பூட்டு.

"திறடி!"

கண்ணாடி ஒரு விரல் அகலம் இறங்கியது. "அந்தப் பக்கமா வந்து ஏறுங்க."

"மானம் போயிடும் மேவிஸ்!"

"க்ளைடுக்கு மானம் போகலை, உசிருதான் போச்சு. எனக்கு உங்க உசிரு வேணும். ஏறுங்க."

பனிக்காற்று காதை அறுத்தது. ஏறிவிட்டேன். அவள் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடிக்கக் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். விழித்தபோது பில்லிங்ஸ் தேவாலய வாசல்.

உள்ளே, திறந்த சவப்பெட்டியில் க்ளைடு. அவன் கையைத் தொட்டதும் தாங்கவில்லை, வாய்விட்டு அழுதேன். சித்தப்பா எல்டன் என் தோளைத் தட்டினார். எங்கள் குடும்பத்தில் ஆறுதல் சொல்லவும் ரோட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"ரோடு எப்படிடா? ஒரே மூச்சா நீயே ஓட்டிட்டு வந்தியா?"

"ஆமா சித்தப்பா..." என்று இழுத்தேன்.

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரொம்ப நல்லா ஓட்டினார். பாதி வழி கண்ணை மூடிக்கிட்டே!"